போராட்டத்தில் கல் எறியலாமா? மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு காந்தி பூங்காவில் நடக்கவிருந்த கவனயீர்ப்புப் போராட்டம் ஒன்றுக்கு முதல் நாள் மாலை. பதாகை எழுத வந்த பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தரையில் இருந்தார்கள். "அக்கா, நாளைக்குப் பொலிஸ் தள்ளினால் நாங்கள் பேசாமல் நிற்கிறதா?" என்று ஒரு தம்பி கேட்டார். "நிற்கத்தான் வேணும்" என்று பக்கத்தில் இருந்த தங்கச்சி சொன்னார். அதில் தொடங்கிய வாக்குவாதம் இரவு ஒன்பது மணி வரை போனது. பதாகைகளில் பாதி எழுதப்படாமலே கிடந்தன. பிறகு களுவாஞ்சிக்குடியிலும் திருக்கோவிலிலும் கல்முனையிலும் இதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுக்கு நான் சொன்ன பதில்களையும், சொல்லத் தடுமாறி வீட்டுக்கு வந்து யோசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

நான் நடுநிலையில் நின்று எழுதவில்லை. போராட்டத்துக்குள் கல்லும் நெருப்பும் வருவதை எதிர்ப்பவள். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது: இதைப் பற்றி நமக்குள்ளே வாய்விட்டுச் சண்டை பிடிக்க முடியாமல் போவது.

ஏன் "இயக்கம்" என்ற சொல்லைத் தவிர்க்கிறீர்கள்?

வேறு இடங்களில் பெண்கள் இயக்கம், விவசாயிகள் இயக்கம் என்று இயல்பாகச் சொல்வார்கள். நம் ஊரில் "அவன் இயக்கத்துக்குப் போயிட்டான்" என்றால் அதற்கு ஒரே பொருள்தான்: ஆயுதக் குழுவில் சேர்ந்துவிட்டான். அந்தச் சொல்லைக் கேட்டதும் இன்றைக்கும் சில அம்மாமாரின் முகம் மாறும். அதனால் இங்கே போராட்டம் என்றே எழுதுகிறேன்.

எதை வன்முறை என்கிறீர்கள்? டயர் எரிப்பதும் வன்முறையா?

இந்த இடத்தில்தான் பாதிச் சண்டை வருகிறது. ஆளாளுக்கு ஒவ்வொன்றை மனதில் வைத்துக்கொண்டு ஒரே சொல்லைப் பேசுகிறோம். எனவே பிரித்துப் பார்ப்போம்.

வீதியில் உட்கார்ந்து வழி மறிப்பது வன்முறை இல்லை. அது சட்டத்தை மீறுவதாக இருக்கலாம். சட்டத்தை மீறுவது வேறு, வன்முறை வேறு. கொடும்பாவி எரிப்பதும் அப்படித்தான்: யாருக்கும் காயமில்லை. வீதியில் டயர் எரிப்பது எல்லையில் நிற்கிற விஷயம். புகையால் அம்புலன்ஸ் திரும்பிப் போனால் அது எல்லையைத் தாண்டிவிட்டது என்பேன்.

ஓடுகிற பஸ்ஸுக்குக் கல் எறிவது வன்முறை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கண்ணாடி உடைந்தால் காயப்படுவது அமைச்சர் இல்லை. ஜன்னல் ஓரம் இருக்கிற கர்ப்பிணிப் பெண்ணோ, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற தாதியோதான்.

இன்னொன்று: ஹர்த்தால் அன்று மோட்டார்சைக்கிளில் போய்க் கடைக்காரரை மிரட்டிக் கதவை இழுத்து மூடச் சொல்வது. பலர் இதை வன்முறைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன். அன்றைக்கு விற்றால்தான் அன்றைக்குச் சாப்பாடு என்றிருக்கிற மரக்கறிக் கடைக்காரி, தானாக மூடினால் அது ஆதரவு. பயந்து மூடினால் அந்த ஹர்த்தால் அவருக்கு எதிராக நடக்கிறது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இரண்டு மூடிய கதவும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடைக்காரிக்கு வித்தியாசம் தெரியும். அடுத்த முறை நாம் போய்க் கேட்கும்போது அதை ஞாபகத்தில் வைத்திருப்பார்.

அரசாங்கம் செய்வது வன்முறை இல்லையா? கல்லையும் துவக்கையும் ஒன்றாக வைக்கிறீர்களா?

இல்லை. ஒரு பொடியன் எறிகிற கல்லும், 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போனதும் ஒரே தராசில் நிற்கவே நிற்காது. அப்படிப் பிடிபட்ட 158 பேர் வீடு திரும்பவில்லை. அதே மாதம் 9ஆம் தேதி சத்துருக்கொண்டானில் கைக்குழந்தைகள் உட்பட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இதையெல்லாம் பார்த்த ஊரில் நின்றுகொண்டு "இரண்டு பக்கமும் வன்முறை" என்று சமன் செய்து பேசுகிறவர்களோடு எனக்குச் சேர முடியாது. ஆனால் இங்கே கேள்வி யார் பெரிய குற்றவாளி என்பதில்லை. நாம் எப்படிப் போராடுவது என்பதுதான்.

அகிம்சை தோற்றதால்தானே ஆயுதம் வந்தது?

அடிக்கடி வரும் கேள்வி, கோபத்தோடும் வரும். கோபம் நியாயமானது.

1956 ஜூன் 5 அன்று, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சியினர் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் அடித்தது. அந்தக் கட்சியின் அமிர்தலிங்கத்தின் தலை உடைந்தது. அடுத்த நாட்களில் வன்முறை அம்பாறைப் பக்கம் கல்லோயாக் குடியேற்றத்துக்குப் பரவி, தமிழர் பலர் அங்கே கொல்லப்பட்டனர். அதாவது கொழும்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்ததற்கு அம்பாறையில் உயிர் போனது. இதை அறிந்த ஒருவர் "அகிம்சையால் என்ன கண்டோம்" என்று கேட்டால், உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது.

1961இல் திரும்பவும் முயன்றார்கள். பெப்ரவரி 20 யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக்கும் வந்தது. கோட்டைக்குள் இருந்த கச்சேரியின் வாசலை மக்கள் மறித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் வந்தார்கள், முஸ்லிம்கள் வந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அரச நிர்வாகம் வாரக்கணக்காக முடங்கியது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டு, இராணுவத்தை இறக்கி, தலைவர்களைப் பனாகொடை முகாமில் அடைத்தார்கள். அதோடு சரிந்தது.

இதைத் "தோல்வி" என்று சொல்லிக் கடந்துவிடுவதில் எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. இராணுவத்தை அனுப்பவேண்டிய அளவுக்கு அந்தச் சத்தியாக்கிரகம் அரசை உறுத்தியது. உடைந்தது வேறு இடத்தில்: தலைவர்களைப் பிடித்தால் அடுத்து யார், எந்த ஊர், என்ன செய்வது என்ற ஏற்பாடு இருக்கவில்லை. இரண்டு மாத முயற்சியை வைத்து ஒரு வழி முழுவதும் செத்துவிட்டது என்று முடிவெடுத்தோம். ஆயுத வழிக்கு மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கொடுத்தோம். 2009 மே மாதம் அது எங்கே முடிந்தது என்பதை நான் எழுதத் தேவையில்லை.

ஆயுதம் எடுத்தவர்களில் பலர் என் வயதுப் பிள்ளைகள். பக்கத்து வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர்களை முட்டாள்கள் என்றோ கெட்டவர்கள் என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை.

அன்னை பூபதியை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

1988 மார்ச் 19 அன்று மாமாங்கேஸ்வரர் கோவில் முன்றலில் உண்ணாவிரதம் தொடங்கினார். ஏப்ரல் 19 இறந்தார். மட்டக்களப்பு அம்பாறை அன்னையர் முன்னணியின் போராட்டம் அது. கோரிக்கைகள் இரண்டு: இந்திய அமைதிப்படை உடனே போரை நிறுத்த வேண்டும், விடுதலைப் புலிகளோடு பேச வேண்டும்.

அவரை அகிம்சைக்குச் சொந்தமாக்க விரும்புவோர் இரண்டாவது கோரிக்கையை மெல்ல விட்டுவிடுவார்கள். ஆயுதப் போராட்டத்துக்குச் சொந்தமாக்க விரும்புவோர், ஒரு தாய் முதலில் கேட்டது சண்டையை நிறுத்து என்பதுதான் என்பதை விட்டுவிடுவார்கள். ஒரே வீட்டுக்குள் உண்ணாவிரதம் இருந்த தாயும் துவக்குத் தூக்கிய மகனும் இருந்த காலம் அது. இன்றைக்கு நாம் போடுகிற கோட்டை அன்றைய வீடுகளுக்குள் கொண்டுபோய்ப் போட முடியாது.

உலகத்தில் எது வென்றிருக்கிறது? கணக்கு ஏதும் உண்டா?

எரிக்கா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1900 முதல் 2006 வரை நடந்த 323 பெரிய போராட்டங்களை எடுத்துப் பார்த்தார்கள். ஆயுதமில்லாதவற்றில் ஏறத்தாழ 53 வீதம் வென்றிருந்தன. ஆயுதமேந்தியவற்றில் ஏறத்தாழ 26 வீதம். அவர்கள் சொல்லும் முக்கியமான காரணம் ஆள்தொகை. துவக்குத் தூக்க இளைஞர் சிலரால்தான் முடியும். வீதியில் உட்கார அம்மம்மாவாலும் முடியும், பள்ளிக்கூட ஆசிரியராலும் முடியும். ஆள் கூடக்கூட அடக்குபவர்களின் கையும் தயங்கும். ஏனென்றால் கூட்டத்துக்குள் அவர்களுடைய மாமியும் நிற்கக்கூடும்.

பொலிசிலும் இராணுவத்திலும் பெரும்பாலும் நம் ஆட்கள் இல்லாத இடத்தில் அந்த மாமிக் கணக்கு அப்படியே பொருந்தாது. சிறுபான்மையாக இருப்பவர்களின் போராட்டம் கடினமானது. நாட்டின் மற்றப் பக்கத்தில் இருப்பவர்களையும் அசைத்தால்தான் நகரும். அத்தோடு, 2010க்குப் பிறகு ஆயுதமில்லாத போராட்டங்களின் வெற்றியும் நன்றாகக் குறைந்துவிட்டது என்று செனோவெத்தே பின்னர் எழுதியிருக்கிறார். ஆகவே இந்த எண்களை வைத்து யாரையும் வாயடைக்க வேண்டாம்.

"நீ உன் வழியில் போராடு, நான் என் வழியில் போராடுகிறேன்" என்று விட்டுவிட்டால் என்ன?

கேட்க நியாயமாக இருக்கும். மேற்கு நாடுகளில் இதற்கு ஒரு உடன்பாடே எழுதினார்கள். 2008இல் அமெரிக்காவின் செயின்ட் போல் நகரில் குடியரசுக் கட்சி மாநாட்டுக்கு எதிராகத் திரண்டவர்கள், ஒருவர் வழியை ஒருவர் மதிப்பது, வெவ்வேறு வழிக்காரர் இடத்தாலும் நேரத்தாலும் விலகி நிற்பது, விமர்சனத்தைத் தமக்குள் வைத்துக்கொள்வது, சக போராளியைப் பொலிசுக்குக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்று ஒத்துக்கொண்டார்கள். அதில் இடத்தையும் நேரத்தையும் பிரிப்பது என்ற பகுதி எனக்குப் பிடிக்கும். மற்றவற்றில் ஒரு ஓட்டை இருக்கிறது.

அந்த ஓட்டையை எனக்குக் காட்டியது ஒரு அனுபவம். சில வருடங்களுக்கு முன் ஒரு காணிப் பிரச்சினைக்காக வீதியோரம் நின்றோம். முன்வரிசையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். எல்லாரும் அறுபது கடந்தவர்கள். பின்னால் இருந்து யாரோ ஒரு கல் எறிந்தார். பொலிஸ் பாய்ந்தது. கல் எறிந்தவர் ஓடிவிட்டார், ஓடுகிற வயது. முழங்கால் வருத்தத்தோடு முன்னால் இருந்த ஒரு அம்மா ஓட முடியாமல் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து அவர் கேட்டது ஒன்றே: "ஆர் மனே அந்தக் கல்ல எறிஞ்சது? எங்கிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே."

கூட்டத்துக்குள் கல் எறிகிறவர் தனக்காக மட்டும் முடிவெடுக்கவில்லை. அந்த அம்மாவின் கைக்கும் சேர்த்து முடிவெடுக்கிறார். ஓட்டோவை லீசிங்கில் வாங்கி மாதாமாதம் கட்டுகிற அண்ணன், வழக்கு விழுந்தால் வேலை போய்விடும் ஆசிரியை, பரீட்சைக்கு இருக்கிற பிள்ளை, எல்லாருக்கும் சேர்த்து. "அவரவர் வழி" என்ற பேச்சு, அவரவருக்குத் தனித்தனி விளைவு வந்தால்தான் செல்லும்.

தென்னாபிரிக்காவில் இதை வேறு விதமாகக் கையாண்டார்கள். ஷார்ப்வில்லில் 1960 மார்ச் 21 அன்று பொலிஸ் 69 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு, ஆபிரிக்க தேசிய காங்கிரசுக்குள் ஆயுதம் பற்றிய பெரிய விவாதம் நடந்தது. தலைவர் அல்பர்ட் லுத்துலி அகிம்சையில் நின்றவர். 1961 டிசம்பரில் ஒஸ்லோவில் சமாதானத்துக்கான நோபல் பரிசை வாங்கினார். அதே மாதம் 16ஆம் தேதி மண்டேலா முதலியோரின் உம்கொண்டோ வெ சிஸ்வே என்ற ஆயுத அமைப்பு முதல் குண்டுகளை வைத்தது. கட்சியைவிட்டுத் தனி அமைப்பாகத்தான் அதைத் தொடங்கினார்கள். காங்கிரஸ் உறுப்பினராகக் கையெழுத்து வைத்தவர் ஆயுதத்துக்குக் கையெழுத்து வைக்கவில்லை என்பதை அவர்கள் மதித்தார்கள். பிறகு அந்தக் கோடு மங்கியது உண்மைதான். ஆனாலும் முதலில் ஒரு கோடு போட்டார்களே, அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

நமக்குள்ளே இப்படி விவாதம் நடந்ததில்லையா?

நடந்தது. நடத்தியவர்களில் பலர் உயிரோடு இல்லை.

1986இல் விடுதலைப் புலிகள் டெலோ என்ற இன்னொரு தமிழ் ஆயுதக் குழுவைத் தாக்கி அழித்தார்கள். அதே வருட இறுதியில் ஈபிஆர்எல்எஃப் என்ற குழுவையும். கொல்லப்பட்டவர்களும் வீட்டைவிட்டுப் போராட வந்த பிள்ளைகள்தான். 1989 ஜூலை 13 அன்று, 1956இல் காலிமுகத்திடலில் தலை உடைபட்ட அதே அமிர்தலிங்கம், கொழும்பில் தமிழர்களாலேயே சுடப்பட்டார். மட்டக்களப்புப் பாராளுமன்ற உறுப்பினர் சாம் தம்பிமுத்து 1990 மே 7 கொழும்பில் சுடப்பட்டார். அவருடைய மனைவி கலாவும் பிழைக்கவில்லை. 2004 ஏப்ரலில் வெருகலில், விடுதலைப் புலிகளின் ஒரே சீருடையில் இருந்தவர்கள் வடக்கு, கிழக்கு என்று பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டார்கள். 2005 கிறிஸ்மஸ் நள்ளிரவுத் திருப்பலியில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். கொன்ற கை ஒவ்வொரு தடவையும் ஒன்றில்லை. அதற்கு வழி திறந்த சொல் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: துரோகி.

நான் ஆரையம்பதிப் பிள்ளை. மதிலுக்கு அந்தப் பக்கம் முஸ்லிம் ஊரான காத்தான்குடி. 1990 ஓகஸ்ட் 3 இரவு அங்கே பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தமிழ் ஆயுததாரிகள் சுட்டார்கள். சிறுவர்களும் அதில் இருந்தார்கள். அது நம் பேரால் நடந்தது. "இது பிழை" என்று உள்ளே இருந்து சொல்லக்கூடியவர்களை முன்கூட்டியே மௌனமாக்கிவிட்டிருந்தோம். ஊரிலும் பெரும்பாலும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டிலும்.

இதனால்தான் கல் எறியலாமா என்ற கேள்வியைவிட, அதைப் பற்றி மறுத்துப் பேசுகிறவரை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பது எனக்கு முக்கியமாக இருக்கிறது.

காந்தி செய்தது சரியா? யாரோ செய்ததற்காக முழுப் போராட்டத்தையும் நிறுத்தினாரே?

1922 பெப்ரவரி தொடக்கத்தில் வட இந்தியாவின் சௌரி சௌராவில் பொலிஸ் சுட்டதில் சிலர் இறந்தார்கள். கூட்டம் கொதித்துப் பொலிஸ் நிலையத்துக்குத் தீ வைத்தது. பொலிசார் 22 பேர் இறந்தனர். காந்தி நாடு முழுவதும் ஒத்துழையாமையை நிறுத்தினார். சிறையில் இருந்த நேரு முதலியோர் மனம் நொந்தார்கள்: ஒரு கிராமத்துக்காக முழு நாடா?

அன்றைய கொலையை வெறுத்ததில் காந்தி சரி. தனியாளாக முடிவெடுத்ததில் எனக்கு உடன்பாடில்லை. சிறைக்குப் போன ஆயிரக்கணக்கானோருக்கும் அந்தப் போராட்டத்தில் பங்கிருந்தது. நெருப்பு வைத்தவர்கள் மற்றவர்களைக் கேட்கவில்லை. நிறுத்தியவரும் போதுமான அளவு கேட்கவில்லை.

கல் எறிந்தது உள்ளே புகுத்தப்பட்ட ஆளாக இருக்கலாமே?

இருக்கலாம். 2007 ஓகஸ்டில் கனடாவின் மொன்டெபெல்லோவில் ஒரு போராட்டத்துக்குள் முகமூடியோடு, கையில் கல்லோடு நின்ற மூன்று பேரைத் தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் எதிர்த்து நின்று முகத்தைக் காட்டச் சொன்னார். அவர்கள் பொலிசார் என்பதைக் கியூபெக் மாகாணப் பொலிஸே சில நாட்களில் ஒத்துக்கொண்டது.

ஆனால் நம் ஊரில் சிஐடி (பொலிஸ் உளவாளி) என்ற பட்டம் கட்டுவது மிக எளிது, கழற்றுவது மிகக் கடினம். பிடிக்காத ஆளைத் தள்ளிவைக்கவும் அதே பட்டத்தைத்தான் கட்டுகிறார்கள். ஆகையால் ஆளை ஆராயாதீர்கள், செயலைப் பாருங்கள். கல்லை எடுத்தவர் உளவாளியோ உண்மையான கோபக்காரரோ, "கீழே போடுங்கள்" என்று சொல்வதற்கு அந்த வித்தியாசம் தெரியவேண்டியதில்லை.

2022 அரகலயவில் (ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகக் கோரிய மக்கள் போராட்டத்தில்) வன்முறை உதவியதா, கெடுத்ததா?

இதில் எனக்கு ஒரே பதில் இல்லை. மார்ச் 31 இரவு மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டுக்குப் பக்கத்தில் பஸ் எரிந்தது. அந்த இரவுக்குப் பிறகுதான் நாடு விழித்தது என்பார்கள் சிலர். ஆனால் கோட்டாபயவைப் போகவைத்தது அந்த ஒரு இரவு இல்லை. ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் மாதக்கணக்காக இருந்த மக்களும், ஜூலை 9 கொழும்புக்கு வந்த பெருங்கூட்டமும்தான்.

மே 9 அன்று பிரதமரின் அலரி மாளிகையில் இருந்து வந்த ஆளும் கட்சி ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் இருந்தவர்களை அடித்தார்கள். அன்று மாலையே நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவும் அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தரும் கொல்லப்பட்டனர். காலிமுகத்திடலில் இருந்த பலர் அதைக் கண்டித்தார்கள், சிலர் நியாயப்படுத்தினார்கள். ஜூலையில் அப்போதைய பிரதமர் ரணிலின் வீடு எரிந்தபோதும், 13ஆம் தேதி பாராளுமன்றத்தை நோக்கிப் போகலாமா வேண்டாமா என்றபோதும் அதே பிளவு. அதுவரை தயங்கி நின்ற நடுத்தர மக்கள் விலகத் தொடங்கியதற்கு அந்த நெருப்புகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஜூலை 22 விடியுமுன் இராணுவம் புகுந்து அடித்தபோது அங்கே மிஞ்சியிருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

முஸ்லிம் சகோதரர்களோடு சேர்ந்து நிற்கும்போது என்ன வித்தியாசம்?

நிறைய. 2021 பெப்ரவரி 3 பொத்துவிலில் தொடங்கி 7ஆம் தேதி பொலிகண்டியில் முடிந்த பேரணியை நினைத்துப் பாருங்கள். நீதிமன்றத் தடை உத்தரவுகளை மீறித்தான் நடந்தார்கள். காணி பறிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர் என்ற கோரிக்கைகளோடு, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாசாக்களை (உடல்களை) கட்டாயமாக எரிப்பதை நிறுத்து என்பதும் இருந்தது. முஸ்லிம் ஊர்களில் மக்கள் வந்து சேர்ந்தார்கள். 1990க்குப் பிறகு அப்படி ஒரு நடை நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை; பார்த்து அழுதேன். அந்த மாத இறுதியில் அரசாங்கம் அடக்கம் செய்ய அனுமதித்தது. மார்ச் தொடக்கத்தில் ஓட்டமாவடியில் முதல் ஜனாசாக்கள் அடக்கப்பட்டன. அந்தப் பேரணிதான் காரணம் என்று சொல்லமாட்டேன். உலக நாடுகளின் அழுத்தம் இருந்தது, பொரளை மயானக் கம்பிகளில் வெள்ளைத் துணி கட்டிய எல்லா இன மக்களும் இருந்தார்கள். ஆனால் அந்த ஐந்து நாளில் ஏதாவது ஒரு ஊரில் ஒரே ஒரு கடைக்கண்ணாடி உடைந்திருந்தால், அது யாருடைய கடை என்பதுதான் அடுத்த நாள் பேச்சாக இருந்திருக்கும். கிழக்கில் ஒரு கல் வீதியில் விழுவதோடு நிற்பதில்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவில் போய் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாக ஒன்றுகூடும் உரிமையைத் தருகிறது. ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி குறைந்தது ஆறு மணித்தியாலம் முன் பொலிஸ் நிலையத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது தண்டனைச் சட்டக்கோவையின் 146ஆம் பிரிவு. ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சட்டவிரோதமாகக் கூடியதாகக் கருதப்பட்டு, அவர்களின் பொது நோக்கத்துக்காக ஒருவர் குற்றம் செய்தால், அந்தக் கூட்டத்தில் இருந்த மற்றவர்களையும் அதே குற்றத்துக்குப் பிடிக்கலாம். அதாவது கல் எறிந்தவரின் வழக்கு உங்கள் வழக்காகலாம். அரச சொத்து சேதமானால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டத்தைப் போடுவார்கள்; அதில் பிணை எடுப்பது கடினம், விளக்கமறியல் நீளும். அதற்கும் மேலே 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் வசந்த முதலிகேயை 2022 ஓகஸ்டில் பிடித்து ஐந்து மாதத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். சிங்கள மாணவர் தலைவருக்கே அப்படியென்றால், உங்கள் பெயருக்கும் ஊருக்கும் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உடைத்தவரைப் பொலிசிடம் காட்டிக்கொடுக்க வேண்டுமா?

கண்ணாடி உடைந்ததற்காக ஒரு பொடியனை நான் கொடுக்கமாட்டேன். உள்ளே அவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவன் முகத்துக்கு நேரே சொல்வேன், அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வேன். ஆனால் ஒரு ஆளின் உயிருக்கோ உடம்புக்கோ தீங்கு நடந்திருந்தால் மறைக்கமாட்டேன். நம் பிள்ளை என்று மறைத்தவை இந்த மண்ணில் போதும்.

கூட்டத்துக்குள் ஒருவர் கல்லை எடுத்தால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

அந்த நேரத்தில் யோசித்தால் பிந்திவிட்டது. முதல் நாளே பேசி முடித்திருக்க வேண்டும்: நாளைக்கு எது செய்வோம், எது செய்யமாட்டோம், பொலிஸ் தடுப்புப் போட்டால் உட்காருவதா, திரும்புவதா, யார் சொன்னால் எல்லாரும் கலைவது. மறுத்துப் பேசுகிறவருக்கும் முழு நேரம் கொடுங்கள். ஒத்துவராதவர் அன்றைக்கு வராமல் இருக்கலாம், தன் பெயரில் வேறு நாளில் வேறு இடத்தில் வேறு ஒன்று செய்யலாம். நம் கூட்டத்துக்குள் ஒளிந்து நின்று செய்யக்கூடாது.

தொண்டர்கள் ஐம்பது பேருக்கு ஒருவராவது வேண்டும், ஒரே நிறத்தில் துணி கட்டியிருக்க வேண்டும். பொடியன்மாரை மட்டும் போடாதீர்கள். கோபத்தோடு நிற்கிற பையனின் கையைப் பிடித்து "வா மகன், தண்ணி குடி" என்று கூட்டிக்கொண்டு போக ஒரு பெரியம்மாவால்தான் முடியும். நாலு இளைஞர் சேர்ந்து பிடித்தால் அங்கேயே சண்டை. கல் விழுந்துவிட்டால் எல்லாரும் அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த கூட்டத்தில் நிற்பவர் தனியாகத் தெரிவார்.

பொலிஸ் முதலில் அடித்தால்?

தலையை மூடிக்கொள்ளுங்கள், விழுந்தவரைத் தூக்குங்கள், படம் எடுங்கள். அடியைக் கையால் தடுப்பதை நான் வன்முறை என்று சொல்லமாட்டேன். திருப்பி அடிப்பது வேறு. அந்தப் படம்தான் செய்தியில் வரும்.

இப்படி அமைதியாக இருந்து யார் கேட்கிறார்கள்? மயிலத்தமடுக்காரர் எத்தனை நாள் இருந்தார்கள்?

மயிலத்தமடு மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரம் உட்கார்ந்த பாற்பண்ணையாளர்கள் நூறு நாளைத் தாண்டியும் இருந்தார்கள். மேய்ச்சல் தரை பறிபோனது, மாடுகள் கொல்லப்பட்டன. அவர்கள் கல்லை எடுக்கவில்லை. 2017 முதல் வீதியில் இருக்கிற, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் எடுக்கவில்லை. பிள்ளை எங்கே என்று தெரியாமலே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். எனவே பொறுமையாக இருந்தால் கிடைக்கும் என்று உங்களிடம் நான் சொல்லமாட்டேன். அது பொய். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. கல் எறிந்திருந்தால் அந்தத் தாய்மாருக்குப் பிள்ளை கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கும் யாரிடமும் பதில் இல்லை.

அம்மா போகவிடுகிறா இல்லை. என்ன செய்யலாம்?

பொய் சொல்லிவிட்டு வராதீர்கள். எண்பதுகளில் "ரியூஷனுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களைத்தான் உங்கள் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா. பக்கத்தில் இருந்து, அப்போது என்ன பார்த்தீர்கள் என்று கேளுங்கள். சொல்ல நேரம் எடுக்கும், சில வேளை சொல்லாமலும் விடுவா. பிறகு முதல் நாள் கூட்டத்தில் என்ன முடிவெடுத்தோம் என்பதை முழுதாகச் சொல்லுங்கள். சட்டத்தரணியின் தொலைபேசி இலக்கத்தைப் பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள். போனைப் பறித்தால் இலக்கமும் போய்விடும். அதே இலக்கத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். வர விரும்பினால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தொண்டர் துணி இன்னும் மிச்சம் இருக்கிறது.